வாத்தியார் பக்கத்துப் பிரேக்

பிரேக் வாத்தியாரோடு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும், மனிதர் சும்மா வரவே மாட்டார். பஸ்ஸை ஓட்டுவது வேறொருவர். அதற்குச் சம்பளம் வாங்குவதும் அந்த வேறொருவர்தான். ஆனாலும் முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்துவிட்டால் போதும், வாத்தியாரின் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். பஸ் நின்றால் தன்னால்தான் நின்றது என்பது போல ஒரு பெருமூச்சு விடுவார்.

பஸ்ஸில் மட்டும் என்றில்லை. பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் மிதித்திருக்கிறார். டாக்டர் பயந்துபோய் ஊசியை எடுத்துவிட்டார். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு போனால் சோபாவிலிருந்தே மிதிப்பார். ஆலயத்தில் போதகரின் பிரசங்கம் கட்டுக்கடங்காமல் ஓடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாம் வரிசை பெஞ்சுக்கு அடியில் ஒரு ஷூ மெதுவாக அழுத்துவதைப் பாடகர் குழுவில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். மற்ற பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

"மிதிச்சு மிதிச்சு கார்பெட்டுல ஓட்டை விழுந்தாச்சு. அடுத்தது தரைதான்" என்பார் அவர் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். கடையில் வருகிறவர்களிடம் தேன் ஒழுகப் பேசிவிட்டு, மிச்சமிருக்கும் உண்மையை எல்லாம் வீட்டுக்கு எடுத்து வருவார். வாத்தியாருக்கு அந்த உண்மைகள் பழகிப்போய்விட்டன. அவருக்கு மனைவி மேல் கொள்ளைப் பிரியம். வாயைத் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவர் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஓட்டுநர் பள்ளிக் கார் என்பது ஒரு விசித்திரமான வண்டி. கற்றுக்கொள்கிறவர் பக்கம் எல்லாப் பெடல்களும் இருக்கும். பக்கத்தில் உட்காருகிற வாத்தியாரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் கோட்டை விடும்போது வாத்தியார் மிதித்துக் காப்பாற்ற வேண்டும். நல்ல வாத்தியாருக்கு அழகு, அந்தக் காலைக் கடைசி நொடி வரைக்கும் சும்மா வைத்திருப்பது. பையன் தானே மிதிக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதில்தான் படிப்பே இருக்கிறது.

நம் வாத்தியார் காத்திருப்பதில்லை. நூறடி தூரத்தில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தால் இங்கே பிரேக் விழும். சிக்னல் பச்சையாக இருக்கும்போதே, மஞ்சளாகப் போகிறது என்று ஒரு மிதி. அவரிடம் படித்தவர்களுக்குக் கியர் போடத் தெரியும், கண்ணாடி பார்க்கத் தெரியும், வளைவில் அழகாகத் திரும்பத் தெரியும். பிரேக் போட மட்டும் தெரியாது. போட்டால்தானே தெரியும்? தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர்கள் பாட்டுக்கு நிறுத்தற்கோட்டைத் தாண்டிப் போவார்கள், வழக்கம்போல வண்டி தானாக நிற்கும் என்ற நம்பிக்கையில்.

பள்ளியை நடத்துகிற அம்மாள் ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வாத்தியாரே, உங்க ஆளுங்க மூணு பேரும் இன்னிக்கு ஃபெயில். அந்த அதிகாரி என்ன கேக்கறார் தெரியுமா? உங்க ஸ்கூல்ல பிரேக்குக்குத் தனியா ஃபீஸ் வாங்கறீங்களாங்கறார்."

வாத்தியார் சிரித்து மழுப்பினார். அந்த அம்மாளும் அதற்கு மேல் பேசவில்லை. அவருக்கு விஷயம் தெரியும். ஆலயத்திலும் தெருவிலும் தெரியாதவர்கள் கிடையாது.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் அவர் ஊரிலேயே பெயர்போன வாத்தியார். சின்ன வயது, கறுகறு மீசை, கொஞ்சம் தலைக்கனம். "என் காலுக்கே கண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிவார். அப்போது அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவன் அவர் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. அக்கா கல்யாணத்தன்று காரின் முன்சீட்டில் தான்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து, மாப்பிள்ளையைப் பின்னால் தள்ளிய பொடியன் அவன். அன்றிலிருந்தே இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. தங்களுக்குக் குழந்தை இல்லாத குறையை வாத்தியார் பெரிதாக நினைக்காமல் இருந்ததற்கு அவனும் ஒரு காரணம்.

பையன் கெட்டிக்காரன். தேர்வுக்கு முந்தைய கடைசிப் பாடத்தில் வாத்தியாருக்கு வேலையே வைக்கவில்லை. வாத்தியாருக்கோ பெருமை தாங்கவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? வலது காலை மடக்கிச் சீட்டின் மேல் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, பையன் பக்கம் முழுசாகத் திரும்பி, ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று பூக்கடைக்குள் போன ஒரு மாமியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்போது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வெளியே வந்தது.

பையன் பதறிப்போய் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தான். புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்கிற தப்புதான்; அந்தத் தப்புக்காகத்தான் வாத்தியார் என்று ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். வாத்தியார் காலை இறக்கப் பார்த்தார். கால் அவர் உடம்புக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. மடக்கிய கால் விரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வாத்தியாருக்குத் தாடையில் ஒரு கீறல். பையனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போனது. டாக்டர்கள் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் மடங்காத, அழுத்தாத, உடம்பைத் தாங்காத காலாக. கம்பு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க அவன் பழகினான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாத்தியார் சொல்லிவிட்டார். மறைக்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன். "என் கால் பெடல்ல இல்ல மாப்ளே. சீட்டு மேல இருந்துச்சு."

"தெரியும் அத்தான். பக்கத்துலதானே இருந்தேன்" என்றான் பையன். வலியில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. "விடுங்க. நான் மன்னிச்சுட்டேன். அந்த மாமி பூக்கடைக்குள்ள போய் என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க."

அந்தக் கதையை வாத்தியார் இன்று வரைக்கும் யாரிடமும் முடித்ததில்லை.

மனைவி மன்னித்தார், சண்டை போட்டு, அழுது, அதற்குப் பிறகு மன்னித்தார். மாமியாரும் மன்னித்தார். அப்போதிருந்த பழைய போதகர் வீட்டுக்கு வந்து, கூடவே முழங்காலிட்டு, வாத்தியாரைத் தன் குற்றத்தை ஆண்டவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வைத்தார். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்பதில் வாத்தியாருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. கடவுள் பெரிய மனசுக்காரர், அவர் மன்னிப்பார். மன்னிக்காதவர் ஒரே ஒருவர்தான். அந்த ஆள் தினமும் காலையில் கண்ணாடியில் மீசையைத் திருத்திக்கொண்டு நின்றார்.

அவர் தனக்குத்தானே இரண்டு தண்டனைகள் போட்டுக்கொண்டார். முதல் தண்டனை, மச்சினனுக்கு ஆயுள் முழுக்கத் தானே டிரைவர் என்பது. அவன் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படம் திருத்துகிற வேலைக்குப் போனான். கல்யாணப் படங்களில் பருவை எடுப்பது, பாதி மூடிய கண்ணைத் திறந்துவைப்பது, மாமனார் முகத்தில் கொஞ்சம் சிரிப்பைச் சேர்ப்பது. காலையில் அவன் வீட்டு வாசலில் ஹார்ன் சத்தம் கேட்கும். சாயங்காலம் ஸ்டுடியோ வாசலில் அதே ஹார்ன். மழையோ வெயிலோ, காய்ச்சலோ, வாத்தியார் ஒருநாளும் தவறவில்லை. பார்த்தவர்கள் "அத்தான்னா இப்படி இருக்கணும்" என்று உருகினார்கள்.

இரண்டாவது தண்டனை யாருக்கும் தெரியாதது. ஆலயத்தில் திருவிருந்து பரிமாறுகிற நேரம் வந்தால் வாத்தியார் எழுந்து வெளியே போய்விடுவார். அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கக் கை நீட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. அது மன்னிப்புப் பெற்றவர்களின் விருந்து, தனக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தார். அதை அப்படியே சொன்னால் நாலு பேர் வந்து புத்தி சொல்வார்கள் என்று, ஆலய வளாகத்தில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்துகிற பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். முன்வாசலில் நின்று, வராத வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருப்பார். உள்ளே பாட்டு முடிந்த பிறகுதான் திரும்பி வருவார். சபையில் அவரை ஓர் உழைப்பாளி என்று மெச்சினார்கள். மனைவிக்கு மட்டும் சந்தேகம் உண்டு. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. வாத்தியாரின் மீசை நரைத்தது, பையன் ஆளானான்.

ஒருநாள் சாயங்காலம் மச்சினன் ஸ்டுடியோவிலிருந்து வந்து காரில் ஏறினதும் சொன்னான். "அத்தான், நான் ஒரு கார் வாங்கிட்டேன்."

வாத்தியாருக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

"எனக்குத்தான். கையாலேயே ஓட்டற மாதிரி மாத்தின கார். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு பிடி இருக்கும். இழுத்தா வேகம், தள்ளினா பிரேக். காலுக்கு வேலையே இல்ல. நீங்கதான் கத்துக்குடுக்கணும்."

வாத்தியாரின் முகம் சுண்டிப்போனது. "எதுக்கு மாப்ளே? நான் இல்லையா? என்னிக்காவது லேட்டா வந்திருக்கேனா?"

"வந்ததில்ல. அதான் கஷ்டம்" என்றான் அவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

வாத்தியார் முடியாது என்றார். வேறு வாத்தியாரைப் பார்க்கச் சொன்னார். மனைவி வீட்டில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் அன்னிக்கு ஸ்டியரிங்கை விட்டவன் இத்தனை வருஷம் தொடவே இல்ல. பயம். இப்போ பயத்தை விட்டு வர்றான், உங்களை நம்பி வர்றான். வேற யார்கிட்டயும் உட்கார மாட்டேங்கறான். நீங்க முறுக்கிக்கறீங்க."

"அந்தக் கார்ல என் பக்கம் பிரேக் கிடையாது. தெரியுமா உனக்கு?"

"தெரியும். அவன் பக்கம் இருக்குல்ல?" என்றார் மனைவி. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறேன். வீட்டுல இருக்கறவருக்கு எந்தப் பவர் போட்டாலும் பார்வை தெளிய மாட்டேங்குது."

கடைசியில் வாத்தியார் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதில் ஒரு கணக்கும் இருந்தது. சரியாக வராமல் போனால் பையனே விட்டுவிடுவான், பழையபடி ஹார்ன் அடித்துக்கொண்டு போகலாம். இதை அவர் மனதுக்குள்ளேகூட முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அது அங்கே இருந்தது.

மைதானத்தை ஒட்டிய அகலமான சாலையில் முதல் பாடம். வாத்தியார் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். கால் பழக்கத்தில் பெடலைத் தேடியது. வெறும் ரப்பர் பாய்தான் அகப்பட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். மச்சினன் உதட்டைக் கடித்துக்கொண்டு பிடியை இழுத்தான். கார் நகர்ந்தது. தள்ளினான், நின்றது. மறுபடி இழுத்தான். அந்த முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சந்தோஷம் ஏறியது. முன்சீட்டுக்கு அடம்பிடித்த பொடியனின் முகம் அப்படியே எட்டிப்பார்த்தது. வாத்தியார் அதைப் பார்க்கவில்லை. அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் ஒரு கேட்டிலிருந்து குப்பை வண்டி ஒன்று பின்பக்கமாக வந்தது. மெதுவாகத்தான் வந்தது. மச்சினன் அதைப் பார்த்துவிட்டான், கையும் பிரேக்குக்குப் போய்விட்டது. வாத்தியாருக்கு அதெல்லாம் தெரியவில்லை. அவர் இரண்டு கைகளாலும் நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

கார் வாலை வீசிக்கொண்டு பாதிச் சுற்றுச் சுற்றி நடுரோட்டில் குறுக்காக நின்றது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் தடுமாறிப் பின்பக்கக் கதவில் இடித்து, விழாமல் காலை ஊன்றி நின்று, காது கூசுகிற வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்கும் அடியில்லை. கதவில் மட்டும் ஒரு நெளிசல்.

மச்சினன் காரை ஓரம் கட்டினான். தானே கட்டினான், சுத்தமாக. பிறகு எஞ்சினை அணைத்தான்.

"நான் பிரேக் போட்டுட்டேன் அத்தான்."

"நான் பார்க்கல மாப்ளே. அந்த வண்டி..."

"நீங்க அந்த வண்டியைப் பார்க்கல. அன்னிக்கு வந்த லாரியைப் பார்த்தீங்க. எப்பவும் அதைத்தான் பார்க்கறீங்க. நான் இங்க உட்கார்ந்திருக்கேன், என்னைப் பார்க்கறதே இல்ல."

மச்சினன் இத்தனை வருஷத்தில் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போது அணை உடைந்தது போல வந்தது.

"போன மாசம் ஒரு பொண்ணோட காபி குடிக்கப் போனேன். பேச ஆரம்பிச்சதும் அவ ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, 'யார் அது, உங்க பாடிகார்டா'ன்னு கேட்டா. நீங்க ரெண்டு மணி நேரம் வண்டியிலயே உட்கார்ந்திருந்தீங்க! எனக்கு அத்தான் வேணும். டிரைவர் வேண்டாம். டிரைவர் கிடைப்பாங்க."

"நான் உனக்குச் செஞ்சதுக்கு..."

"அதை நான் மன்னிச்சாச்சு! கட்டில்ல படுத்துக்கிட்டு, கால்ல கம்பி குத்தி வச்சிருக்கும்போது மன்னிச்சேன். அது லேசான வேலைன்னு நெனைச்சீங்களா? அதை நீங்க கையில வாங்கவே இல்ல. தினம் காலையில என் வாசல்ல வந்து ஹார்ன் அடிக்கறீங்க, நான் மறுபடியும் மொதல்லேருந்து மன்னிக்க வேண்டியிருக்கு. எனக்கு அலுத்துப்போச்சு அத்தான்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கடவுள் உங்களை மன்னிச்சுட்டார்னு நம்பறீங்களா இல்லையா?"

"நம்பறேன்."

"அப்போ அவர் தீர்ப்பு சொன்ன அப்புறமும் கேஸை நடத்திக்கிட்டிருக்கற ஜட்ஜ் யாரு? அவருக்கும் மேல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரா? மீசை வச்சிருக்காரா?"

மச்சினன் கம்பை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான். "சாவி அதுலயே இருக்கு. நீங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுங்க. நாளையிலேருந்து நான் பஸ்ல போய்க்கறேன்."

அவன் கம்பை ஊன்றிக்கொண்டு நிறுத்தத்தை நோக்கிப் போவதை வாத்தியார் காருக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் பின்னால் ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினால் அதுவும் ஒரு ஹார்ன் சத்தம்தான் என்று விட்டுவிட்டார்.

அந்த வாரம் அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்குச் சாவியை எடுப்பார், திரும்பக் கொக்கியில் மாட்டுவார். மனைவி அதைப் பார்த்துக்கொண்டே கடைக்குக் கிளம்புவார். தம்பி சொன்னதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாத்தியார் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தார். அந்த மனைவிக்கு அப்படி வாயை மூடிக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை போதகருக்குப் பாடம். இவர் புதிதாக வந்த சின்ன வயதுப் போதகர். பிரசங்கத்தில் புலி, ஸ்டியரிங் முன்னால் பூனை. ஏற்கெனவே இரண்டு முறை தேர்வில் தோற்றவர்; காரணம் நமக்குத் தெரிந்ததுதான். கடைத்தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது வாத்தியார் பேச ஆரம்பித்தார். யோசித்து ஆரம்பிக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"ஐயா, கடவுள் மன்னிச்சதை நான் நம்பறேன். ஆனா என்னால என்னை விட முடியல. விட்டா, அந்தப் பையன் கால் போனது ஒண்ணுமில்லேன்னு ஆயிடாதா?"

"கொஞ்சம் இருங்க வாத்தியாரே, இந்தத் திருப்பத்தைத் தாண்டிக்கறேன்" என்றார் போதகர். தாண்டினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லேன்னு யார் சொன்னது? ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மன்னிப்பு? இருக்கறதாலதானே ஆண்டவர் அவ்வளவு விலை குடுத்தார்."

போதகர் தொடர்ந்தார். "ஆண்டவரைத் தெரியவே தெரியாதுன்னு மூணு தடவை சொன்ன சீடர் இருக்காரே, உங்களுக்குத் தெரியாததா? அப்புறம் ஒரு விடியக்காலையில கரையில நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வச்சுட்டு ஆண்டவர் சாப்பிடக் கூப்பிட்டார். அந்தச் சீடர் என்ன பண்ணினார்? தண்ணியில குதிச்சு ஓடி வந்தார். 'நீங்க சாப்பிடுங்க ஆண்டவரே, நான் படகையெல்லாம் ஒழுங்கா நிறுத்திட்டு வரேன்'னு சொல்லல."

வாத்தியார் திடுக்கிட்டுத் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"நான் அப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறவன் வாத்தியாரே. யார் வர்றாங்க, யார் வரலேன்னு எனக்குத் தெரியாதா? அதுவும் அந்த நேரத்துல எந்த வண்டி வருது?"

வாத்தியார் கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷம் உள்ளே கட்டிவைத்திருந்தது விம்மலாக வந்தது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. மனம்விட்டு அழுதார். கைக்குட்டையை எடுத்தபோது கார் நின்றிருந்தது. முன்னால் பாதசாரிகள் கடக்கிற கோட்டில் ஓர் அம்மாள் தள்ளுவண்டியில் குழந்தையோடு கடந்துகொண்டிருந்தார்.

"யாரு நிறுத்தினது?" என்றார் வாத்தியார்.

"நான்தான்" என்றார் போதகர். அவருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. "நீங்க மிதிக்கல. நானே போட்டேன்!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மச்சினன் பஸ்ஸில் வந்திருந்தான். அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். அத்தானுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பிரசங்கம் முடிந்தது. எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னார்கள். போதகர் கையை உயர்த்தி, மனம் வருந்திக் கேட்டவர்கள் எல்லோருக்கும் மன்னிப்பு உண்டு என்று அறிவித்தார். வாத்தியார் வழக்கமாக இந்த இடத்தில்தான் எழுந்திருப்பார். மனைவி அவர் வெளியே போக வசதியாகத் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாத்தியார் எழுந்திருக்கவில்லை. எழுந்து போய்விடு, உனக்கு என்ன தகுதி என்று பழைய குரல் உள்ளே கேட்டது. தகுதி இல்லைதான், என்று அவர் அதற்குப் பதில் சொன்னார். தகுதி பார்த்தா கூப்பிட்டார்? கூப்பிட்டார், அவ்வளவுதான். அன்றைக்கு வலது காலை மடக்கி உட்கார்ந்த அந்தத் தலைக்கனம் பிடித்த இளைஞனை அவர் நினைத்துப் பார்த்தார். முதன்முதலாக அவன் மேல் அவருக்குக் கோபத்தோடு கொஞ்சம் பரிதாபமும் வந்தது. முட்டாளே, வா, நீயும் வா என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு எழுந்து, வாசல் பக்கம் போகாமல் முன்பக்கம் போகிற வரிசையில் நின்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

பலிபீடத்துக்கு முன்னால் இடுப்பளவு மரக் கிராதி ஒன்று உண்டு. அதன் முன்னால் வரிசையாக முழங்காலிடுவார்கள். வாத்தியார் முழங்காலிட்டுத் தலை குனிந்திருந்தபோது பக்கத்தில் ஒரு கம்பு வந்து ஊன்றியது. அண்ணாந்து பார்த்தார். மச்சினன் நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் முழங்காலில் இருக்க, அவன் மட்டும் நின்றான்.

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கால் மடங்காது. இத்தனை வருஷமும் அவன் இங்கே நின்றுகொண்டுதான் வாங்கியிருக்கிறான். அப்பத்துக்கு இரண்டு கையையும் ஏந்த வேண்டும். ஏந்தினால் கம்பைப் பிடிக்கக் கை இல்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் தோளில் சாய்ந்து நின்றிருக்கிறான். தெரிந்தவர், தெரியாதவர், யாரோ ஒருவர். அந்த நேரத்தில் அத்தான்காரர் வெளியே நின்று, வராத வண்டிகளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் கையை நீட்டிக் கம்பை வாங்கித் தரையில் கிடத்தினார். மச்சினன் ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு இடுப்பை அவர் தோளில் கொடுத்துச் சாய்ந்து, இரண்டு கைகளையும் ஏந்தினான். கனமாக இருந்தான். இத்தனை நாள் காரில் ஏற்றிக்கொண்டு போயும் அவன் இவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரிந்ததில்லை.

போதகர் வந்தார். முதலில் மச்சினனின் கையில் அப்பத்தை வைத்தார். பிறகு குனிந்து, நீட்டியிருந்த வாத்தியாரின் கையில் வைத்தார். "உங்களுக்காகத்தான்" என்றார். வாத்தியார் வாயில் போட்டுக்கொண்டார். மெல்ல முடியவில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடம்பு குலுங்கியது.

"அத்தான், ஆடாதீங்க. விழுந்துடப் போறேன்" என்று மேலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் வந்தது. அந்தக் குரலும் சரியாக இல்லை.

வாத்தியார் கிராதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தோளை நிமிர்த்தினார்.

"ஆடல மாப்ளே. நல்லா சாஞ்சுக்கோ."